மெம்பர் மருதப்பனுக்கு இருநூறு கதிரைகள்

செய்தி வந்தபோது நான் மாத்தளைச் சந்தையில் போஞ்சி தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் பேசியவர் கமலா அம்மா, முன்னாள் மாகாண சபை உறுப்பினர் மு. மருதப்பன் அவர்களின் துணைவியார். குரலில் அழுகை இல்லை.

"கிளாக்கரையா, ஐயா காலையில போயிட்டாங்க. தேத்தண்ணி கொண்டு போய்க் கூப்பிட்டேன். எந்திரிக்கல."

ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"கதிரைக்கு நீங்கதான் சங்கத்துச் செல்வராணிகிட்ட பேசணும். நான் கேட்டா தருமோ தராதோ. அம்பது போதும்னு சொல்லுங்க. அம்பதே அதிகந்தான்."

இரண்டு தடவை மாகாண சபையில் இருந்த ஒருவர் இறந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை. அந்த வீட்டின் முதல் கவலை பிளாஸ்டிக் கதிரை. அவரை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அறியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சிடும் நினைவு மலருக்கும் ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் அவர் ஏழைகளின் தோழர், தன்னலமற்றவர், மலையகத்தின் விடிவெள்ளி. அவர் மற்றவர்களுடைய மரண வீடுகளில் பேசுவதற்காக இருபது வருடங்களுக்கு மேலாக நான் எழுதிக் கொடுத்த வார்த்தைகள்தான் அவை. பெயரை மட்டும் மாற்றினேன். இது வேறு. மரியாதை குறையாமல் எழுதப் பார்க்கிறேன், ஆனால் இந்தத் தடவை இனிப்புப் போடுவதாக இல்லை.

ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் பாதையில் உள்ள தோட்டத்தில் அவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நான் அதே தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். அந்தக் காலத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு சாவு விழுந்தால் பாய்க்கும் பெஞ்சுக்கும் அலைய வேண்டும். மழை மாதங்களில் பிணத்துக்குப் பக்கத்தில் சனம் சேற்றில் குந்தியிருக்கும். மருதப்பன் அவர்கள் ஒரு நாள் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு மரண உதவிச் சங்கத்தைத் தொடங்கினார். இருநூறு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு தகரப் பந்தல், டியூப் லைட்டுகள், பெரிய தேத்தண்ணிக் கேத்தல் என்று சேர்த்தார். நல்ல காரியம். அவர் செய்தவற்றில் இதற்கு மட்டும் நான் யாரிடமும் சாட்சி சொல்வேன்.

சங்கத்தின் யாப்பை, அதாவது விதிமுறைகளை, எழுதியது நான். ஏழாம் விதி மட்டும் அவர் வாயால் சொல்லச் சொல்ல எழுதியது: "உறுப்பினர் எவர் இறந்தாலும் சங்கத்தின் கதிரைகள் அனைத்தும், பந்தலும், விளக்குகளும் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். ஆள் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ கூடாது." அன்றைக்கு அதை அவர் மனதாரத்தான் சொன்னார். எனக்குக் கண் கலங்கியது.

கதிரைகளோடு அவரும் ஒவ்வொரு மரண வீட்டுக்கும் போனார். போகப் போக ஒன்றைக் கண்டுபிடித்தார். அதை என்னிடம் மிகுந்த சந்தோஷத்தோடு சொன்னார்.

"கல்யாண வீட்டுல சாப்பாட்டத்தான் பாப்பாங்க கிளாக்கர். எழவு வீட்டுல யாரு வந்தாங்க, யாரு வரலன்னு பாப்பாங்க. நான் வந்தா போதும்."

அவருடைய அரசியல் அன்றைக்குப் பிறந்தது. மரண வீட்டில் அவர் உட்கார மாட்டார். பெட்டியைத் தூக்குவதற்கு அரை மணி நேரம் முன்பு, சனம் நிறைந்திருக்கும்போது வருவார். பிரேதத்தின் காலைத் தொடுவார். பிறகு கையை நீட்டுவார். அந்தக் கையில் நான் ஒரு துண்டுக் காகிதத்தை வைக்க வேண்டும். இறந்தவர் பெயர், பிள்ளைகள் எத்தனை, செய்த ஒரு நல்ல காரியம். நல்ல காரியம் கிடைக்காவிட்டால் "அமைதியானவர்" என்று எழுதிவிடுவேன். அதைப் பார்த்து ஐந்து நிமிடம் பேசுவார், நாலாவது நிமிடத்தில் அழுவார். பல்லேகமவில் ஒரு விவசாயியின் மரண வீட்டில் சிங்களத்திலும் அதே நாலாவது நிமிடத்தில் அழுததைப் பார்த்த பிறகு எனக்கு அவர் மேல் ஒரு மாதிரிப் பயம் வந்தது.

ஒரு தடவை என் துண்டில் பிழை நேர்ந்தது. தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில் ராமையா இறந்துபோனார். சங்கத்துக்கு அறிவித்தது அவருடைய தம்பி லெட்சுமணன். அவசரத்தில் நான் தம்பியின் பெயரை எழுதிவிட்டேன். "அன்புச் சகோதரர் லெட்சுமணன் நம்மை ஆறாத் துயரில் விட்டுச் சென்றார்" என்று மருதப்பன் அவர்கள் தொடங்க, லெட்சுமணன் முன் வரிசைக் கதிரையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஒருவரும் திருத்தவில்லை. பேச்சு முடிந்ததும் லெட்சுமணன் எழுந்து வந்து இவரைக் கும்பிட்டார்.

"என்னையப் பத்தி இவ்வளவு நல்லா யாரும் பேசுனதே இல்லைங்க" என்று பிறகு என்னிடம் சொல்லி அழுதார்.

அடுத்த வருடம் லெட்சுமணனும் காலமானார். புதிதாக எழுதட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? பழைய துண்டு இருக்கில்ல? இப்ப சரியா வருது" என்றார் மருதப்பன் அவர்கள்.

முஸ்லிம் மக்கள் விஷயத்தில் அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. ஜீப் ஓட்டிய நஜீம் நானாவிடம் அதை அடிக்கடி சொல்வார். "ஒங்க ஆளுங்க அரை நாள்ல அடக்கிர்றாங்க நானா. நான் போய்ச் சேர முந்தியே முடிஞ்சிருது. பேசவும் விட மாட்றாங்க."

"மையத்துக்கு துஆ போதும் மெம்பர். பேச்சு வாணாம்" என்பார் நஜீம் நானா, கண்ணைப் பாதையிலிருந்து எடுக்காமலே.

முதல் தேர்தலில் அவருடைய பெயருக்கு விழுந்த விருப்பு வாக்கு எல்லோரையும் திகைக்க வைத்தது. கட்சித் தலைவர்கள் காரணம் தேடினார்கள். மரண வீடுகளைத் தவிர வேறு காரணம் இருக்கவில்லை. வென்ற கையோடு தோட்டத்தை விட்டு உக்குவளையில் வீடு கட்டிக்கொண்டு வந்தார். நானும் வேலையை விட்டுவிட்டு அவருடைய செயலாளராக வந்தேன். கதிரைகளும் வந்தன. "பாதுகாப்பா இருக்கட்டும்" என்று தன்னுடைய கராஜில் அடுக்க வைத்தார். சங்கத் தலைவர் அவர்தானே, யார் கேட்பது?

சபையில் அவர் என்ன செய்தார் என்று மலரில் ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். பழைய கோப்புகளையெல்லாம் புரட்டினேன். இரண்டு பதவிக் காலத்திலும் அவர் எழுந்து பேசியவை பெரும்பாலும் அனுதாபப் பிரேரணைகள். யார் இறந்தாலும் முதல் கை அவருடையது. தண்ணீர்க் குழாய், லயத்துக் கூரை, பாதை என்று வரும்போது வெளியே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். கட்சியை இரண்டு தடவை மாற்றினார். இரண்டு தடவையும் "சனங்க ஆசப்பட்டாங்க" என்றார். அப்படி ஆசைப்பட்ட ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை.

இனி எழுதப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

மேல்கணக்கில் முனியாண்டி என்று ஒரு தொழிற்சங்கத் தலைவர் இருந்தார். நேர்மையான மனிதர், முன்கோபி. "மெம்பரு செத்தவனுக்குத்தான் வர்றாரு, உசுரோட இருக்கிறவனுக்கு வர மாட்றாரு" என்று மேடையிலேயே சொல்லி, இரண்டாம் தேர்தலில் எதிர் வேட்பாளருக்கு வேலை செய்தார். மருதப்பன் அவர்கள் வென்றார். ஆனால் வாக்குகள் குறைந்துபோயின. நாலு மாதத்தில் முனியாண்டி தலைவர் நெஞ்சு வலியில் இறந்தார்.

அவருடைய மகள் செல்வராணி, அப்போது கார்மென்ட் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண், இரண்டு பஸ் மாறி உக்குவளைக்கு வந்தது. கையில் அப்பாவின் மரண உதவிச் சங்க அட்டை.

"கிளாக்கரையா, அப்பா போயிருச்சுங்க. நாளைக்கு மூணு மணிக்கு எடுக்கிறோம். பந்தலும் கதிரையும் வேணுங்க."

இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். மருதப்பன் அவர்கள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கதிரை வேற எழவுக்குப் போயிருச்சுன்னு சொல்லிருங்க."

"எல்லாம் கராஜிலதான் இருக்குங்க."

"எனக்குத் தெரியாதா? அவரு யாருக்கு மேடை போட்டாரோ அவன் குடுக்கட்டும் கதிரை."

ஏழாம் விதி எனக்கு ஞாபகம் வந்தது. அதைச் சொல்லவில்லை. வெளியே வந்தேன். கராஜ் கதவு திறந்துதான் கிடந்தது. எனக்குப் பின்னால் சிவப்புக் கதிரைகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. அவற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சொன்னேன்:

"கதிரை வேற மரண வீட்டுக்குப் போயிருச்சும்மா."

அந்தப் பெண் என் தோளுக்கு மேலால் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு "சரிங்கையா" என்று சொல்லிவிட்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தது. சத்தம் போட்டிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். அந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னவர் உள்ளே இருந்தார். சொன்னது நான். அதை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் காலையிலிருந்தே மழை. அந்தத் தோட்டத்தில் அப்படியொரு கூட்டத்தை நான் கண்டதில்லை. தேயிலை மலையில் வேலையை நிறுத்திவிட்டு ஆணும் பெண்ணும் வந்திருந்தார்கள். லயத்து வாசல், தண்ணீர்க் கான் ஓரம், படிக்கட்டு எல்லாம் சனம். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். பெட்டியை வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் வைத்திருந்தார்கள், கூரை ஒழுகியது. பெண்கள் நாலு பேர் உரச் சாக்கை விரித்து, நாலு முனையையும் பிடித்தபடி பிரேதத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு முனை செல்வராணியின் கையில்.

அங்கே மருதப்பன் அவர்கள் போனார். ஆமாம், போனார்.

ஜீப்பில் ஏறும்போதே கேட்டேன். "போகத்தான் வேணுமாங்க?"

"போகாட்டி பயந்துட்டேன்னு சொல்லுவாங்க. துண்ட நல்லா எழுதுங்க."

வளைவுகளில் ஜீப் குலுங்கக் குலுங்க எழுதினேன். மூன்று பிள்ளைகள், நேர்மையானவர், தொழிலாளிக்காகக் குரல் கொடுத்தவர். அவர் என் குடையின் கீழ் நின்று எல்லாவற்றையும் சொன்னார். பிறகு துண்டில் இல்லாத ஒன்றைத் தானாகச் சொன்னார்.

"அன்பு மக்களே, உட்காரக்கூட ஒரு இடமில்லாமல் இந்த மழையில் நிற்கிறீர்கள். இந்த நிலையை மாற்றாமல் இந்த மருதப்பன் ஓய மாட்டான்."

சரியாக நாலாவது நிமிடம். அழுதார்.

சனத்தில் சிலர் தலையை ஆட்டியதைக் கண்டேன். செல்வராணி சாக்கின் முனையை விடவில்லை. "பேசி முடிச்சாச்சுங்களா? பொட்டியத் தூக்கணும். தண்ணி எறங்குது" என்று மட்டும் சொன்னது.

திரும்பும் வழியில் மருதப்பன் அவர்கள் கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டார். "அந்த மழை நல்லா வேல செஞ்சிச்சு கிளாக்கர்" என்றார். நஜீம் நானா கண்ணைப் பாதையிலிருந்து எடுக்கவில்லை. அந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டார். நான் விடவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். எனக்குப் பெருமையாகச் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

அதற்குப் பிறகு காலம் அவரைக் கவனித்துக்கொண்டது. சபையின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் வரவேயில்லை. "அடுத்த மாசம் அறிவிப்பு வருது, உள்ளுக்குள்ள இருக்கிற ஆள் சொன்னான்" என்று வருடக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் சொன்னார். கடிதத் தாளில் பெயருக்கு முன்னால் 'முன்னாள்' என்று போடலாமா என்று கேட்டதற்கு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஜீப் போய் முச்சக்கர வண்டி வந்தது. மரண வீடுகளுக்குத் தொடர்ந்து போனார். சனம் அவர் வருவதற்கு முன்னால் பெட்டியைத் தூக்கப் பழகிக்கொண்டது.

பிறகு ஒரு வருடம் மரண உதவிச் சங்கத்தின் பொதுக்கூட்டம். தலைவர் பதவிக்குச் செல்வராணியின் பெயரை ஒரு கிழவி முன்மொழிந்தார். கையை உயர்த்தச் சொன்னபோது மண்டபத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் உயர்த்தினார்கள். மருதப்பன் அவர்களின் சொந்தச் சித்தப்பா மகனும் உயர்த்தினார். மறுவாரம் லொறி வந்து கராஜைக் காலி செய்தது. மருதப்பன் அவர்கள் கதவைப் பிடித்துக்கொண்டு கடைசிக் கதிரை ஏறும்வரை நின்றார்.

அந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே எண்ணம், தன்னுடைய மரண வீடு.

"எத்தன எழவுக்குப் போயிருப்பேன்? வீட்டுக்கு ஒருத்தர் வந்தாலே உக்குவளை ரயில் கேட் வரைக்கும் நிப்பாங்க கிளாக்கர்."

"நிப்பாங்கங்க."

"நிக்கக் கூடாது. அதுதான் என் கவலை. கதிரை வேணும். அந்தப் பிள்ள வஞ்சம் வச்சிருக்கும். தராது."

இதை நூறு தடவை பேசியிருப்போம். தனக்கான இரங்கல் உரையையும் என்னை எழுத வைத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே திருத்தினார். "கூடியிருக்கும் மக்களே" என்று நான் தொடங்கியிருந்தேன். அதை வெட்டிவிட்டு "கடலெனத் திரண்டிருக்கும் என் மக்களே" என்று தன் கையால் எழுதினார்.

அவர் இறந்த அன்று காலை, சந்தையில் நின்றபடியே செல்வராணிக்குப் பேசினேன். இப்போது அதற்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். செய்தியைச் சொன்னேன்.

"அம்மா அம்பது கதிரை கேக்கிறாங்க" என்றேன்.

"அம்பதா? ஏழாம் விதி என்னங்க சொல்லுது?"

எனக்கு மனப்பாடம். கதிரைகள் அனைத்தும், பந்தலும், விளக்குகளும், ஆள் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. சந்தைக்குள் நின்று சொன்னேன்.

"அப்ப அம்பது எப்பிடிங்க குடுக்கிறது? அவரும் உறுப்பினர்தானே. பகல் சாப்பாட்டுக்கு முந்தி லொறி வரும்."

வந்தது. செல்வராணியும் கூடவே வந்தது. ஆட்களை வைத்துப் பந்தலைப் போட்டது, லைட்டுகளைக் கட்டியது, கேத்தலை அடுப்பில் ஏற்றியது. கதிரைகளை வரிசை பிசகாமல் போட வைத்தது. முற்றம் போதவில்லை. வாசலைத் தாண்டி ஒழுங்கையின் இரு பக்கமும் கண்டிப் பாதையின் விளிம்பு வரை போட்டார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள், யாரோ பெரிய மனிதர் போலும் என்று.

இரண்டு நாள் பிரேதம் வீட்டில் இருந்தது. முதல் நாள் ஒன்பது பேர் வந்தார்கள். அவர் இருந்த மூன்று கட்சிகளில் ஒன்று மலர்வளையம் அனுப்பியது. மற்ற இரண்டும் அவர் இன்னொரு கட்சிக்காரர் என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டாம் நாள், பெட்டி தூக்கும் நேரத்தில், பூசாரியையும் மேளக்காரர்களையும் சேர்த்துப் பதினாலு பேர். நஜீம் நானா கைத்தடியோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மழை இல்லை. தகரத்தின் கீழ் நல்ல நிழல். கேத்தலில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

கமலா அம்மா என்னைச் சுவரோரம் கூப்பிட்டார். அப்போதுதான் அவர் அழுதார்.

"கிளாக்கரையா, ஒரு நூறையாவது தூக்கி உள்ள வச்சிரச் சொல்லுங்க. பாக்க முடியல."

செல்வராணியிடம் போய்ச் சொன்னேன். அது ஒரு கதிரையின் தூசியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தது.

"விதி இருக்குதேங்க. கொறைக்கக் கூடாதுன்னு அவருதானே சொன்னாரு?" பிறகு துணியை உதறிவிட்டு, "எங்கப்பாவுக்குச் சனம் இருந்திச்சுங்கையா" என்றது.

இரங்கல் உரை வாசிக்கும் நேரம் வந்தது. காகிதத்தை எடுத்தேன். முதல் வரியை மாற்றி வாசித்திருக்கலாம். வேண்டுமென்றேதான் மாற்றவில்லை. பந்தலைப் பார்த்து, ஒழுங்கையைப் பார்த்து, அவர் கையால் திருத்தியபடியே உரத்து வாசித்தேன்:

"கடலெனத் திரண்டிருக்கும் என் மக்களே!"

மேளக்காரர்களில் ஒருவர் தும்மினார். நான் ஐந்து நிமிடமும் வாசித்தேன். நாலாவது நிமிடத்தில் எனக்கு அழுகை வரவில்லை. பெட்டியைத் தூக்க ஆள் காணாமல் கதிரை ஏற்றிப் போக வந்த லொறிப் பையன்கள் தோள் கொடுத்தார்கள்.

மயானத்திலிருந்து திரும்பியபோது செல்வராணி கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தது. நானும் கை கொடுத்தேன். இரண்டு பேரும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தோம். கடைசியில் நான்தான் வாயைத் திறந்தேன்.

"அந்த ஏழாம் விதியத் திருத்த ஏலாதாம்மா? எனக்கும் வயசாகுது. நானும் சங்கத்து ஆள்தானே."

அது நிமிர்ந்து என்னைப் பார்த்தது. கராஜ் வாசலில் என் தோளுக்கு மேலால் பார்த்த அதே பார்வை. குரலில் கோபமே இல்லை.

"ஒங்களுக்கு எத்தன போதுங்கையா?"

மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். மனைவி போய்விட்டார். மகன் கடல் கடந்து இருக்கிறான், லீவு கிடைத்தால் வருவான். நஜீம் நானா இருந்தால் வருவார். அதற்கு மேல் ஒருவர் பெயரும் நினைவுக்கு வரவில்லை.

போய் வாருங்கள், மெம்பரையா. கதிரை தர மாட்டார்கள் என்றுதானே கடைசிவரை பயந்தீர்கள். எல்லாம் வந்தது, ஒன்றும் குறையவில்லை. நீங்கள் சொல்லி நான் எழுதிய விதி அப்படியே நிற்கிறது, எனக்கும் அந்த லொறி வரும். என் வீட்டு முற்றம் உங்களுடையதைவிடச் சின்னது. இருநூறையும் றோட்டில்தான் போட வேண்டியிருக்கும்.